முகவரி தேடிப் போன மருந்து

"உங்க மாப்பிள்ளைதான் குற்றவாளின்னு எதை வெச்சுச் சொல்றீங்க?"

"முதல்ல அந்த வார்த்தையை வாபஸ் வாங்குங்க. அவன் எனக்கு மாப்பிள்ளை இல்லை."

"சரி. உங்க மகளோட கணவர்."

"எனக்கு மகளும் இல்லை."

"அப்போ யார் மேலதான் புகார் கொடுக்கறீங்க?"

"ஆஸ்பத்திரி மருந்தகத்துல வேலை பாக்கற ஒருத்தன் மேல."

முந்தின நாள் தன் அலுவலகத்தில் நடந்த இந்தப் பேச்சை, ஆஸ்பத்திரி லிஃப்டில் நின்றபடி வக்கீலம்மா மறுபடி ஒருமுறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். கோர்ட்டை விட்டுத் துப்பறியும் தொழிலுக்கு வந்து வெகு காலமாகியும் அவரை எல்லோரும் வக்கீலம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். ஜெயிப்பதைவிட நடந்ததைத் தெரிந்துகொள்வதில் ஆசை அதிகமானதால் கோர்ட்டு கசந்துவிட்டது என்பார். பக்கத்தில் நின்ற உதவியாளனுக்கு ரேடியோ என்று பேர். அணைக்கும் பொத்தான் இல்லாத ரேடியோ.

"நேத்து வந்த அந்த சர்வேயர் எழுந்து போகும்போது நாற்காலியை இழுத்துப் பழைய இடத்துல கோடு பிடிச்ச மாதிரி வெச்சுட்டுப் போனார், கவனிச்சீங்களா?" என்றான் ரேடியோ. "நிலத்தை அளந்தவங்க ரிட்டயர் ஆனாலும் எல்லைக்கல் நடறதை விடமாட்டாங்க போல."

"பெத்த மகளையே எல்லைக்கு வெளியே வெச்சவர். நாற்காலி எம்மாத்திரம்."

சர்வேயரின் மனைவிக்குப் புற்றுநோய். புது மருந்து ஒன்றைக் குறிப்பிட்ட இடைவெளியில் நரம்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கட்டி சுருங்கவும் ஆரம்பித்திருந்தது. அந்த நேரத்தில்தான், சர்வேயர் தன் வீட்டுக் குளிர்பெட்டியில் பூட்டி வைத்துத் தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்த குப்பியை, மருந்து உறைந்து கெட்டுவிட்டது என்று ஆஸ்பத்திரி மருந்தகம் திருப்பிவிட்டது. திருப்பியவன், அவர் எதிர்ப்பை மீறி அவர் மகளைக் கல்யாணம் செய்துகொண்டவன்.

மாற்றுக் குப்பி வந்து சேர வாரக் கணக்கில் ஆனது. அது வந்துவிட்டது. நாளைக் காலை ஏற்ற வேண்டும். அதற்குள் அவனை அந்த மருந்தகத்திலிருந்து வெளியேற்ற வேண்டும், நிரூபித்துக் கொடுங்கள் என்றுதான் சர்வேயர் வந்திருந்தார். இன்று மாலை ஆஸ்பத்திரி இயக்குநருக்கு அவர் போன் செய்வார். ஒருத்தனுடைய வேலையும் ஒரு பெண்மணியின் உயிரும் ஒரே குப்பியில் அடைபட்டிருந்தன.

லிஃப்ட் திறந்தது.

மருந்தகக் கண்ணாடி அறைக்கு வெளியே வந்து தலைத் தொப்பியைக் கழற்றிய மருந்தாளர், தூக்கம் போதாத கண்களோடு இருந்தார்.

"மாமா உங்களை அனுப்பினாரா?"

ரேடியோ வக்கீலம்மாவின் காதோரம் குனிந்தான். "இவர் மாமாங்கறார். அவர் மாப்பிள்ளை இல்லைங்கறார். ஒன்வே உறவா இருக்கு."

வக்கீலம்மா அவனைக் கண்டுகொள்ளவில்லை. "கெட்டுப்போன குப்பி இங்கதானே இருக்கு? பாக்கலாமா?"

மருந்தாளர் ஒரு சின்ன அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்தார். அதிலிருந்த குப்பியைக் குலுக்காமல், தூங்குகிற குழந்தையைத் தூக்குவது மாதிரி எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். உள்ளே தண்ணீர் மாதிரித் தெளிவாக இருக்க வேண்டிய மருந்தில் நூல் நூலாக ஏதோ மிதந்தது.

"திரிஞ்ச பால் மாதிரி இருக்கே," என்றான் ரேடியோ.

"திரிஞ்சதுதான். இதுல பாதி புரதம். ஆன்டிபாடின்னு கேள்விப்பட்டிருப்பீங்க. உறைஞ்சு உருகினா சுருண்டுபோயிடும்."

"மீதி பாதி?"

"விஷம். தனியா ஏத்தினா ஆளையே சாய்க்கிற விஷம். கட்டியில இருக்கற செல்களோட மேல்தோல்ல ஒரு அடையாளம் நிறைய இருக்கும். கதவுல மாட்டின பெயர்ப்பலகைன்னு வெச்சுக்குங்க. ஆன்டிபாடி அந்தப் பலகையைத் தேடிப் போய் ஒட்டிக்கும். செல் அதை உள்ளே இழுத்துக்கும். உள்ளே போனப்புறம்தான் விஷம் பிரியும்."

"அப்போ கொரியர்."

"கொரியர்தான். முகவரி தெரிஞ்ச கொரியர். பழைய மருந்தெல்லாம் ஒரு திருடனைப் பிடிக்கத் தெருவுல எல்லாரையும் அடிக்கற மாதிரி. இது அந்த வீட்டுக் கதவை மட்டும் தட்டும்."

"உறைஞ்ச கொரியர்?"

"முகவரி மறந்துபோன கொரியர். கையில விஷத்தோட எங்க போவான்னு தெரியாது. அதான் ஏத்த மாட்டேன்னு சொன்னேன்."

வக்கீலம்மா அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். மூடியின் உள்பக்கம் தபால்தலை அளவுக்கு ஒரு சின்ன அட்டை ஒட்டியிருந்தது. அதில் பச்சையில் ஒரு டிக்.

"இது என்ன?"

"உறைவைக் காட்டற அட்டை. பெட்டி உறைநிலைக்குப் போச்சுன்னா அந்த டிக் சிவப்புப் பெருக்கல் குறியா மாறிடும். திரும்பவும் மாறாது."

"இது மாறலை."

"மாறலை."

"பெட்டி உறையலை, பெட்டிக்குள்ள இருந்த குப்பி மட்டும் உறைஞ்சிருக்கு."

மருந்தாளர் குப்பியைப் பெட்டிக்குள் வைத்து மூடியைச் சரிசெய்தார். அவசியத்துக்கு மேல் நேரம் எடுத்துக்கொண்டு சரிசெய்தார்.

"சாயங்காலம் உங்க மேல புகார் போகப் போகுது," என்றார் வக்கீலம்மா. "வேலை போகலாம். லைசென்ஸும் போகலாம். உங்க பக்கம் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லையா?"

"உறைஞ்ச மருந்து வந்தது. திருப்பி விட்டேன். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

"தெரிஞ்சது அவ்வளவு. தோணினது?"

அவர் தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டார். கதவுவரை போனவர் திரும்பிப் பார்த்தார்.

"அத்தைக்குக் கண்ணு இப்ப எப்படி இருக்கு?"

"கண்ணா?"

"கொரியர் எவ்வளவு ஒழுங்கா இருந்தாலும் பார்சல் வழியில கொஞ்சம் பிரியும். இந்த மருந்துக்கு அது கண்ணுல. பார்வை மங்கும், எரியும். போன தடவை மருந்து ஏறும்போது, எப்ப தெளியும்னு என்கிட்ட கேட்டாங்க. கல்யாணத்துக்கு அப்புறம் அவங்க என்கிட்ட பேசினது அந்த ஒரு வார்த்தைதான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அடுத்த டோஸ் தள்ளிப்போனா தெளியும்னு சொன்னேன்." அவர் முகம் சுண்டிப்போயிருந்தது. "சொல்லியிருக்கக் கூடாது."

கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது.

வண்டியில் ஏறியதும் ரேடியோ ஆரம்பித்தான். "என் வேலையை ஒருத்தர் காலி பண்ணப் பாக்கறார்னு வெச்சுக்குங்க. அவங்க வீட்டம்மா கண்ணைப் பத்தியா நான் விசாரிப்பேன்? வேற என்னென்னவோ விசாரிப்பேன்."

"அதான் அவன் குற்றவாளி இல்லை."

"நல்ல மனசு சாட்சியாகுமா? உங்க கோர்ட்டுல செல்லாதே."

"மனசை விடு. அட்டையைப் பாரு. இவனே உறைய வெச்சிருந்தா அந்த அட்டையையும் சேர்த்து உறைய வெச்சிருப்பானா மாட்டானா? பெருக்கல் குறி வந்திருந்தா, சர்வேயர் வீட்டுக் குளிர்பெட்டி சரியில்லைன்னு ஒரே வரியில கேஸ் முடிஞ்சிருக்கும். அந்த அட்டை எதுக்குன்னு தெரிஞ்சவன் அதை விட்டுவைக்க மாட்டான்."

ரேடியோ அலைவரிசையை மாற்றினான். "அப்போ அட்டை எதுக்குன்னு தெரியாத ஆள்."

"அல்லது அட்டை இருக்கறதே தெரியாத ஆள்."

"மூடியைத் திறந்தா மூஞ்சிக்கு நேரா இருக்கு. அதுகூடவா தெரியாது? குருட்டு..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்தினான். வக்கீலம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சர்வேயரின் வீடு ஒரு கட்டடத்தின் முதல் மாடியில் இருந்தது. கூடத்தில் டிவிக்கு எதிரே சோபா. ஆனால் சர்வேயரின் மனைவி உட்கார்ந்திருந்த நாற்காலி டிவிக்கு முதுகைக் காட்டி, தெருப் பக்க ஜன்னலை ஒட்டிக் கிடந்தது. தலையில் சின்னத் துணி கட்டியிருந்தார். மடியில் ஒரு வாரப் பத்திரிகை, விரலிடுக்கில் சிவப்புப் பேனா.

"வாங்க, உக்காருங்க," என்றார். "இவர் எல்லாத்தையும் உங்ககிட்ட சொல்லியிருப்பார். எனக்குச் சொல்ல ஒண்ணும் மிச்சம் வெச்சிருக்க மாட்டார்."

சர்வேயர் உள் அறைக்குப் போய் ஏதோ எடுத்துக்கொண்டிருந்தார். ரேடியோ பத்திரிகையை எட்டிப் பார்த்தான். பொடி எழுத்துச் சிறுகதை. ஓரமெல்லாம் சிவப்புக் குறிகள்.

"என்னம்மா இது, கதைக்கே ரத்தக்காயம் பண்ணியிருக்கீங்க?"

"அச்சகத்துல பிழை திருத்தறவளா இருந்தேன். கை சும்மா இருக்காது. வேகவேகமா அச்சடிக்கறாங்க, ஒற்று ஒண்ணும் இல்ல."

"இந்த வார்த்தையை அடிச்சுட்டுக் கீழே புள்ளி புள்ளியா வெச்சிருக்கீங்களே?"

"அது என் தப்பு. சரியான வார்த்தையை அவசரத்துல அடிச்சுட்டேன். அடிச்சதை அழிக்க முடியாது, மசியாச்சே. அதனால கீழே புள்ளி வைப்போம். அடிச்சது செல்லாது, வார்த்தை அப்படியே இருக்கட்டும்னு அர்த்தம்."

"இந்த வசதி வாழ்க்கையில இருந்தா நான் ரெண்டு வேலையைத் திரும்ப வாங்கியிருப்பேன்."

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே தெருவை ஒரு பார்வை பார்த்தார். வக்கீலம்மா அந்தப் பார்வையையும் பார்த்தார், அந்தப் பொடி எழுத்தையும் பார்த்தார்.

சர்வேயர் வெளியே வந்தார். கையில் போன். "ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா? என்ன சொல்றான்?"

"மருந்து இருக்கற இடத்தைப் பாக்கணும்," என்றார் வக்கீலம்மா.

கூடத்து மூலையில் இருந்த குளிர்பெட்டியின் கைப்பிடியில் கொக்கி அடித்துப் பூட்டுப் போட்டிருந்தது. "மருந்துக்காகவே தனியா வாங்கினேன். சாவி இந்த பெல்ட்டை விட்டு இறங்காது," என்றார் சர்வேயர். "ராத்திரிகூடத் தலைமாட்டுல. இந்த வீட்ல நாங்க ரெண்டு பேர்தான். வேலைக்காரி கிடையாது, விருந்தாளி கிடையாது. எந்த எல்லையையும் நான் ஓட்டையா விட்டதில்லை. இன்னிக்கு வரைக்கும் சாவியை யார்கிட்டயும்..."

"என்னங்க," என்றார் மனைவி, ஜன்னலோரத்திலிருந்து எழுந்தபடி. "கண்ணு கொஞ்சம் எரியுது. குளிர்பட்டையை எடுத்துக்கறேன்."

"...யார்கிட்டயும் கொடுத்ததில்லை," என்று முடித்த சர்வேயர், பேச்சை நிறுத்தாமலே, திரும்பிக்கூடப் பார்க்காமல் பெல்ட்டிலிருந்து சாவியைக் கழற்றி அவரிடம் நீட்டினார்.

ரேடியோவின் வாய் திறந்தபடி இருந்தது. அதிலிருந்து எந்த நிகழ்ச்சியும் வரவில்லை.

"நான் எடுத்துத் தரேம்மா. நீங்க உக்காருங்க," என்று சட்டென்று சமாளித்துச் சாவியை வாங்கிக்கொண்டான். அந்த அம்மாள் "வேண்டாம்ப்பா, நானே..." என்று ஓர் அடி முன்னால் வருவதற்குள் மேலே இருந்த உறைபனி அறையைத் திறந்துவிட்டான். உள்ளே ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இரண்டாக மடித்த நீலநிறக் குளிர்பட்டை. மருந்து ஏறும்போது கண்மேல் கட்டிக்கொள்ள ஆஸ்பத்திரியில் கொடுத்தது.

"அடேயப்பா, சினிமா நடிகை மாதிரி." விறைத்துப்போயிருந்த பட்டையை மெல்லப் பிரித்து ரேடியோ தன் கண்களில் வைத்துக்கொண்டான். "வக்கீலம்மா, இது என் மூஞ்சிக்குப் பொருந்தலை. நடுவுல குழி. மூக்குக்கான குழியும் இல்லை, அது இங்க இருக்கு. இது..." கையால் தடவினான். மெதுவாகப் பட்டையை இறக்கினான். சிரிப்பு போய்விட்டிருந்தது.

கெட்டியான நீலத்தில் ஒரு பள்ளம் பதிந்திருந்தது. உருண்டையான அடி, சின்னத் தோள், அதற்கு மேல் குறுகிய கழுத்து.

வக்கீலம்மா கீழறையைத் திறந்தார். புது மருந்தின் பெட்டி இன்னும் திறக்காமல் இருந்தது. அதைப் பட்டையின் பக்கத்தில் பிடித்தார். பெட்டியின் மேல் அச்சாகியிருந்த குப்பிப் படம் அந்தப் பள்ளத்துக்கு அளவெடுத்தது மாதிரி இருந்தது.

"என்ன விளையாட்டு இது?" என்றார் சர்வேயர்.

"சாவியை யார்கிட்டயும் கொடுத்ததில்லைன்னு சொன்னீங்க," என்றார் வக்கீலம்மா. "பொய் சொல்லலை. உங்க கணக்குல அவங்க 'யாரோ' இல்லை. அதனாலதான் கையில கொடுத்ததுகூட உங்களுக்குத் தெரியலை."

"புரியலை."

"போன தடவை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பறதுக்கு முன்னாடியே குப்பி இந்தப் பட்டைக்குள்ள படுத்து உறைஞ்சு எழுந்துருச்சு. பெட்டிக்குள்ள திரும்பவும் போயிடுச்சு. மூடிக்குள்ள தபால்தலை அளவுல ஒரு அட்டை இருக்கு. கண்ணு தெரியறவங்க யாரா இருந்தாலும் அதைப் பாத்திருப்பாங்க. பார்வை மங்கின ஒருத்தருக்குத்தான் அது தெரியாது. அப்புறம் மருந்து ஏறவே இல்லை, பட்டைக்கும் வேலை இல்லை. குளிர்பெட்டியை நாங்க பாக்க வந்ததும்தான் கண்ணு எரிஞ்சுது. பள்ளம் உருகாம அப்படியே இருக்கு." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மருந்து ஏறாததால கண்ணும் தெளிஞ்சிடுச்சு. பொடி எழுத்துல ஒற்றுப்பிழை பாக்கற அளவுக்கு."

சர்வேயர் மனைவியைப் பார்த்தார். பத்திரிகையைப் பார்த்தார். பேனாவைப் பார்த்தார். அப்போதும் நம்பாதவர் மாதிரி, "அவன் உனக்கு ஏதாவது சொல்லிக் கொடுத்தானா?" என்றார்.

"இல்லை."

"அவன்தான். அவன் சொல்லாம உனக்கு எப்படி..."

"இல்லைங்கறேன். அந்தப் புள்ளை நல்லது நினைச்சு ஒரு பதில் சொன்னான். மிச்சம் நான் பண்ணினது." அந்த அம்மாள் நாற்காலிக்குத் திரும்பிப்போய் உட்கார்ந்தார். நிற்க முடியாதவர் மாதிரி இல்லை, ஒரு வேலைக்கு நேரமாகிவிட்டவர் மாதிரி. "அவன் மேல நீங்க பழி போடுவீங்கன்னு எனக்குத் தோணலை. தோணியிருக்கணும். உங்களோட இத்தனை வருஷம் இருந்தேனே."

"கட்டி சுருங்குதுன்னு டாக்டர் சொன்னாரே. உனக்குச் சாகணும்னு ஆசையா?"

"யாருக்குங்க அந்த ஆசை?"

"பின்னே எதுக்கு?"

கீழே தெருவில் பிரேக் பிடிக்கும் சத்தம். எதிர்ப்புற நிறுத்தத்தில் ஒரு பள்ளிக்கூடப் பஸ் வந்து நின்றது. அந்த அம்மாளின் முகம் பேச்சை அப்படியே விட்டுவிட்டு ஜன்னலுக்குத் திரும்பியது.

வக்கீலம்மாவும் எட்டிப் பார்த்தார். நிறுத்தத்தில் ஊதாக் குடையோடு ஓர் இளம்பெண் காத்திருந்தாள். பஸ்ஸிலிருந்து ஒரு சிறுமி குதித்தாள். ஷூ நாடா அவிழ்ந்திருந்தது. அந்தப் பெண் குனிந்து கட்டிவிட்டாள். ஒரு நாடா கட்டுவதற்கு ஆகிற நேரத்தைவிட ரொம்பவே அதிகமாகக் கட்டினாள்.

"இந்தத் தெருவுல அவங்க வீடு இல்லை," என்றார் அந்த அம்மாள் கணவரிடம், ஜன்னலைப் பார்த்தபடியே. "இன்னும் ரெண்டு நிறுத்தம் தள்ளி. எனக்கு மருந்து ஏத்த ஆரம்பிச்சதிலிருந்து தினமும் இங்க இறக்கிக் கூட்டிட்டு நடந்து போறா. எதுக்குன்னு நினைக்கறீங்க? மேல பாக்க மாட்டா. நீங்க ஜன்னல்ல நின்னாலும் நிப்பீங்கன்னு பயம். நின்னுட்டுப் போவா, அவ்வளவுதான்."

சர்வேயர் ஜன்னல் பக்கம் வரவில்லை. கூடத்தின் நடுவில், தானே கோடு போட்டுக்கொண்டு நிற்பவர் மாதிரி நின்றார்.

"மருந்து ஏறினா அடுத்த தடவை வரைக்கும் எல்லாம் புகை. எதிர்ப்புறத்துல ரெண்டு நிழல் நிக்கும். பெரிசு எது, சின்னது எதுன்னுதான் தெரியும். அந்தக் குட்டி முகம் எனக்குத் தெரியவே தெரியாது. மருந்து தவறின இந்தத் தடவைதான் பாத்தேன். முன்பல்லு விழுந்திருக்கு." அவர் விரல் தன் உதட்டைத் தொட்டது. "மருந்து முகவரி தேடிப் போகுதாம். போகட்டும். எனக்கு முகம் வேணும். அதான் உறைய வெச்சேன். நீங்க வராம இருந்திருந்தா இன்னிக்கு ராத்திரி இதையும் வெச்சிருப்பேன்."

ரேடியோ பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். உருகிய நீர் அவன் விரல்களில் வழிந்தது.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே," என்றார் சர்வேயர். அவர் குரலில் முதல்முறையாகக் கோணல் விழுந்தது.

"எதைச் சொல்றது? அவ பேரைச் சொன்னா நீங்க எழுந்து போவீங்க. ஆஸ்பத்திரியில எத்தனை தடவை வாய் வரைக்கும் வந்துச்சு தெரியுமா. கண்ணுல பட்டை கட்டியிருப்பாங்க. நீங்க பக்கத்துல இருக்கீங்களா, போயிட்டீங்களான்னே தெரியாது. அதுக்கு மேல என்ன சொல்றது."

"நாளைக்கு மருந்து ஏத்திக்க மாட்டியா?"

"ஏத்திக்கறேன்." அந்த அம்மாள் பேனாவை மூடி பத்திரிகையின் மேல் வைத்தார். "கண்ணு மங்கட்டும். கையெட்டற தூரத்துல இருந்தா மங்கலாத் தெரிஞ்சாலும் எனக்குப் போதும், தடவிப் பாத்துக்குவேன். தெருவுக்கு அந்தப் பக்கம் நின்னாதான் எனக்குக் கண்ணு வேணும்."

எதிர்ப்புறத்தில் நாடா கட்டி முடிந்துவிட்டது. ஊதாக் குடை நிமிர்ந்தது. சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு அது மெல்ல நகரத் தொடங்கியது.

சர்வேயரின் கையில் போன் இன்னும் அப்படியே இருந்தது. இயக்குநரின் எண்ணை அதில் எடுத்து வைத்திருந்தார். வக்கீலம்மா அதைப் பார்த்தார். சொல்ல வேண்டியவர் வேறு.

"அன்னைக்கு நீங்க ஒரு வார்த்தையை அடிச்சீங்க," என்றார் மனைவி, முதல்முறையாக ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பி அவரை நேராகப் பார்த்து. "மசியில அடிச்சீங்க. நானும் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டுதான் இருந்தேன். இப்ப அதை அழிக்கச் சொல்லலை. கீழே புள்ளி வைங்க. அந்தக் குடை தெருமுனை திரும்பறதுக்குள்ள, எம் பொண்ணைக் கூப்பிடுங்க."